பெயர் மட்டும் போதும்

கண்ணீர் அஞ்சலிப் பக்கங்களுக்கென்றே இணையதளம் நடத்தும் அமலன், சர்வரில் புது விதி எழுதி, பக்கங்களின் இணைய முகவரிகளில் நீண்டு தொங்கிய வாலை நறுக்கினான். எண்ணும் புள்ளியும் 'பிஎச்பி' என்ற கணினிக் குறியும் ஒழிந்தன. இறந்தவரின் பெயரை அடித்தாலே பக்கம் திறந்தது. பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருந்த அப்பா சவரிமுத்துவுக்குப் போன் போட்டான்.

"இனிமே பேரை மட்டும் அடிச்சாப் போதும்ப்பா."

சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"என் பேரை அடிச்சுப் பாத்தேன்டா."

அப்பாவின் பெயரிலும் ஓர் அஞ்சலிப் பக்கம் இருந்தது அமலனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டாக்டர் கைவிரித்த அன்று அவசரமாகச் செய்து, யாரும் கண்டுபிடிக்க முடியாத நீள முகவரியில் ஒளித்துவைத்த பக்கம். அவர் பிழைத்த சந்தோஷத்தில் அதை அழிக்க மறந்திருந்தான்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு," என்றார் அப்பா. "தேதிக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்க."