ஆறாவது எபிசோட்

அறையில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நோயலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அழுகையை நிறுத்துவதற்குள் மனிதருக்கு வேர்த்துவிட்டது.

ரிமோட் சோஃபா இடுக்கில் விழுந்திருந்தது. துழாவி எடுத்து, கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தினார். திரையில் போன சனிக்கிழமை நடந்த கால்பந்து ஆட்டம் ஓடத் தொடங்கவும் ரேலீன் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"பட்டப்பகல் பதினோரு மணிக்கு ஃபுட்பாலா?"

"பழைய மேட்ச். நம்ம பசங்க தோத்தது."

"தோத்ததைப் போய் எதுக்கு ரெண்டாவது தடவ பாக்கறே?"

"எங்க கோட்டை விட்டாங்கன்னு பாக்க வேணாமா?"

ரேலீன் ஈரச் செருப்பைக் கழற்றினாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுக் கோரலும் வந்தாள். மழையில் கிளப் புல்தரை ஊறிப்போனதால் இரண்டு பேரும் பந்து உருட்டும் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க வந்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் மீன்பிடி ஊரான போர்ட் லிங்கன் முழுக்க 'பெல்லமி விடுதி' டிவி தொடரைப் பற்றித்தான் பேச்சு. ரேலீன் அதற்குச் சட்டமே போட்டிருந்தாள். எல்லா எபிசோடும் ஒரேயடியாக வந்திருந்தாலும், செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒரு எபிசோட்தான், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து. முடிந்ததும் ஆளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுத வேண்டும். முன்கூட்டிப் பார்ப்பது துரோகம். கதையை யாராவது சொல்ல ஆரம்பித்தாலே அவளுக்கு ஆகாது. போன மாதம் கறிக்கடைக்காரர் வாயைத் திறந்ததற்கு, எடை போட்ட கறியை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"அதுல மீனவனா வர்ற அந்த ஆர்ச்சி மூஞ்சிக்காகவே நான் பத்துக்குப் பத்து போடுவேன்," என்றாள் கோரல்.

"மூஞ்சிய வச்சு மீன் பிடிக்க முடியுமா?" என்றார் நோயல். "அவன் கையப் பாத்தியா? பியானோ வாசிக்கறவன் கை மாதிரி இருக்கு. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல."

"முப்பது வருஷம் டூனா மீன் படகுல இருந்தவருக்கு எந்த நடிகனத்தான் பிடிக்கும்?" ரேலீன் சிரித்தாள். "போன வாரம் திரையப் பாத்து, கயித்த இழு, கயித்த இழுன்னு கத்தினாரு கோரல். நல்லவேளை, ஆர்ச்சிக்குக் கேக்கல."

"இன்னைக்கு ஆறாவதுதானே? அதுல ஆர்ச்சியோட படகு புயல்ல..." சொல்லிக்கொண்டே வந்த கோரல், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நோயல் கோப்பையைக் கீழே வைத்தார். ரேலீனைப் பார்த்தார். அவள் பன்னின் ஓரம்வரை நிதானமாக வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மூச்சு விட்டார்.

சாயங்காலம் சூப்பு குடித்துத் தட்டுகளைக் கழுவி வைத்ததும், அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னைக்கு வேற ஏதாவது பாக்கலாமே. அந்த சமையல் போட்டி நல்லா இருக்காம்."

"ஏன், பெல்லமிக்கு என்ன?"

"இழுவை. நாலு மார்க்குக்கு மேல தேறாது."

"போன வாரம் ஏழு போட்டே."

"பென்சில்தானே. அழிச்சிடலாம்."

ரேலீன் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நோயல், காலையில ஆர்ச்சி பொண்டாட்டி அழற சத்தம் வாசல்வரைக்கும் கேட்டுது. நம்ம ஃபுட்பால் டீம்ல அவ எப்ப சேந்தா?"

இனி மழுப்ப முடியாது என்று அவருக்குப் புரிந்தது. மேஜைத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"ஆறாவதுல படகு கவிழுதுன்னு துறைமுகத்துல பேசிக்கிட்டாங்க. எவ்வளவு மோசமா காட்டறான்னு மொதல்ல நான் பாத்துடலாம்னு நினைச்சேன். நீ பாக்க வேணாம் ரேலீன்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நோயல் போன படகு ஒரு தீவுக்கு அப்பால் கவிழ்ந்தது. ரேலீன் இரண்டு நாள் துறையிலேயே நின்றாள். ஏழு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். வராமல் போனவன் அவளுடைய தம்பி டேரில். அவன் கை நழுவியது நோயலின் பிடியிலிருந்துதான். வந்த அன்று அவர் அதை ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

"முழுசா பாத்தியா?" என்று கேட்டாள்.

"மூணு நாளா பாக்கறேன். தண்ணிக்குள்ள அவன் கை மட்டும் தெரியும். அங்கயே நிறுத்திடுவேன். இன்னைக்குத்தான் அதைத் தாண்டி, அவன் பொண்டாட்டி துறையில நின்னு அழற வரைக்கும் வந்தேன்."

"அப்புறம்?"

"நீ வந்துட்டே. வராம இருந்திருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பேன். என்னால ஆகல."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

ஆனால் ரேலீன் கம்பளியோடு திரும்பி வந்தாள். அவரை சோஃபாவுக்கு அழைத்துப்போய் ஒட்டி உட்கார்ந்து, இரண்டு பேர் முழங்காலுக்கும் சேர்த்துப் போர்த்தினாள். ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். பெல்லமி விடுதியின் பாட்டு தொடங்கியது.

"வேணாம் ரேலீன்," என்றார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கம்பளிக்கு அடியில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழாவதுல ஆர்ச்சி உயிரோட வந்துடறான், நோயல்."