தார்ன்பரி துரை வீட்டுப் பக்குவம்

ஒரு பெயருக்குள் நூறு வருஷத்துப் பரம்பரை மூச்சுவிடுகிறது என்று ரத்தினசபாபதி ஒவ்வோர் ஆண்டுவிழாவிலும் மேடையேறிச் சொல்வார். அவருடைய தார்ன்பரி பிஸ்கட்டுக்கு அந்தப் பரம்பரை கிடைத்தது சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஒரு கல்லறையில். மழைக்கு ஒதுங்கியபோது கண்ணில் பட்ட பெயர் அது. அதற்குக் கீழே இருந்த வரியைப் பாசி மூடியிருந்தது. படம் வரைகிறவரிடம் சொல்லி, கிருதாவும் மீசையும் தொப்பியுமாக ஒரு துரையைப் பாக்கெட்டில் உட்காரவைத்தார். 'துரை வீட்டுப் பக்குவம்' என்றும் அச்சடித்தார்.

இப்போதெல்லாம் காலையில் கம்பெனிக் கதவைத் திறந்தால், தரையில் படிந்த மைதாவில் வெறுங்கால் தடங்கள். வாசலிலிருந்து பிஸ்கட் அடுக்குவரை போய் நின்றுவிடுகின்றன. திரும்பிய தடம் இல்லை.

"ஏன் மொதலாளி, மீசை வெச்ச ஆளுக்குக் காலு இத்தினியூண்டா இருக்கு?" என்றாள் பாக்கெட் ஒட்டும் அஞ்சலை. "கிருஷ்ண ஜெயந்திக்கு மாவுல கால் போட்டாப்ல இருக்கு. இது யாருன்னு தெரியாம நாங்க ஒருத்தரும் உள்ள வரமாட்டோம்."

ரத்தினசபாபதி கல்லறைக்குப் போய்ப் பாசியைச் சுரண்டினார். வயது மூன்று என்றிருந்தது.

அன்று மாலை, தடம் நின்ற இடத்தில் தட்டு நிறைய தார்ன்பரி பிஸ்கட்டை வைத்தார். "உன் பேர்லதாம்ப்பா நாங்க சாப்பிடுறோம். நீயும் சாப்பிட்டுட்டுப் போயிடு, கண்ணு" என்று கும்பிட்டுவிட்டுப் பூட்டினார்.

மறுநாள் எல்லோரும் பார்க்கத் திறந்தார். ஒரே ஒரு பிஸ்கட்டில் சின்னப் பல் பதிந்திருந்தது. கடித்த துண்டு பக்கத்திலேயே துப்பிக் கிடந்தது.