கறை போகக் கூடாது

எடெல்கார்ட் அந்தக் குட்டிச் சட்டையைக் கையால் தொடவில்லை. கத்தரிக்கோலின் நுனியால் கவ்வித் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெஞ்சுப் பக்கம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாக ஏதோ காய்ந்து அப்பிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"வாந்தி" என்றாள் துணி மூட்டையோடு வந்திருந்த ஃபிரவ்கே, பூரிப்பாக. "கேரட் கூழ் முதல்முதலா ஊட்டின அன்னிக்கு எடுத்தது. சட்டையில பாதி, என் தலைமுடியில பாதி."

பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய ஒன்பது வயது மகள் மிலேனா, பரிசு வாங்கியவள் போல நிமிர்ந்து நின்றாள்.

எடெல்கார்ட் சட்டையைத் தள்ளி வைத்தாள். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன உடைகளை வெட்டி, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள போர்வையாகவும் கரடி பொம்மையாகவும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஓல்டன்பர்க் ஊரில் அவளிடம் வருகிறவர்கள் துவைத்து, இஸ்திரி போட்டு, நடுவில் ஒரு வாசனைப் பையும் வைத்துத்தான் கொண்டு வருவார்கள். இந்த அம்மாள் மூட்டையை அவிழ்த்ததுமே புளித்த பால் வாடை கடை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்ததைத் தூக்கினாள். பாதம் மூடிய கால்சட்டை. பின்பக்கம் பச்சையாக ஒரு வட்டம். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"இது?"

"அதுவா? கீரை! உள்ள போன வேகத்துலயே வெளிய வந்துடுச்சு."

தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எடெல்கார்ட் கால்சட்டையைப் பொத்தென்று மேஜையில் போட்டாள்.

"அம்மா, கேக் கதையைச் சொல்லு" என்று மிலேனா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு, சொல்றேன். இந்த வெள்ளைச் சட்டை இவளோட முதல் பிறந்தநாளுக்குப் போட்டதுங்க. பிளம் கேக்கை மேஜையில வெச்சுட்டுத் திரும்பறேன், மகாராணி அதுமேலயே ஏறி உக்காந்திருக்கா. பாருங்க, கறை நேத்துப் பட்ட மாதிரியே இருக்கு."

எடெல்கார்ட் சட்டையின் கழுத்துப் பட்டியைப் பார்த்தாள். பிறந்து இரண்டு மாதமான குழந்தைக்கான அளவு அது. ஒரு வயதுப் பிள்ளையின் தலைகூட இதற்குள் நுழையாது. எந்தச் சட்டையை எப்போது போட்டோம் என்பதுகூட நினைவில்லை, அழுக்கை மட்டும் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

"கறை பட்ட இடத்தை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு, நல்ல பாகத்தை மட்டும் வெச்சுத் தைக்கிறேன்."

"ஐயையோ, வேண்டாங்க! கறைதான் எங்களுக்கு வேணும். போர்வையில ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ஒரு கறை வரணும். அதைத் தொட்டுத் தொட்டுத்தான் இவளுக்கு நான் கதை சொல்லுவேன்."

"இதையா பிள்ளை போத்திக்கிட்டுத் தூங்கப் போகுது?"

"ஆமா" என்றாள் மிலேனா. "மூக்கு வரைக்கும்."

அவர்கள் வெளியே போனதும் எடெல்கார்ட் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஜன்னலைத் திறந்து வைத்தும் வாடை போகவில்லை. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

வாந்தியையும் பீயையும் நடுநாயகமாக வைத்துத் தைத்து, ஓரத்தில் தன் கடைப் பெயரையும் பொறிப்பதா? நாலு பேர் பார்த்தால் காறித் துப்ப மாட்டார்களா? அம்மாவுக்குத்தான் புத்தி கெட்டுப்போய்விட்டது, அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது!

வாளி நிறைய வெந்நீர் ஊற்றி, எந்தக் கறையையும் எடுக்கிற, மாட்டுப் பித்தம் கலந்த சோப்பை அழுத்தித் தேய்த்து எல்லாவற்றையும் ஊறப் போட்டாள். தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறி, மேலே ஏதேதோ மிதந்தது. வாளியைக் கவிழ்க்கும்போது ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை, கறையின் நிழல்கூட இல்லாமல் போகிற வரை கசக்கிப் பிழிந்தாள்.

போர்வையை வாங்கிக்கொள்ள இருவரும் வந்தபோது அதை மேஜைமேல் விரித்துக் காட்டினாள். புதுத் துணி மாதிரி பளிச்சென்று இருந்தது. ஃபிரவ்கே குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாக விரலால் தடவிக்கொண்டே போனாள். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கேக் எங்கே?" என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமேதான் இது மனுஷங்க போத்திக்கிற போர்வை."

ஃபிரவ்கே பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள்.

"கைக்குழந்தையா இவ என்கிட்ட இருந்தான்னு சொல்லிக்க, எனக்கு இருந்தது இது மட்டும்தாங்க."

எடெல்கார்டுக்கு அருவருப்பு தாங்கவில்லை. "சீ! வாந்திக்கும் பீக்குமா ஒருத்தி இப்படி அழுவா? பெத்த பிள்ளை கண்ணு முன்னால குத்துக்கல்லு மாதிரி நிக்குது, அதைக் கட்டிக்கிட்டுச் சந்தோஷமா இருக்கத் தெரியலையே!"

மிலேனா போர்வையை விலக்கி, தாயின் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள்.

"அழாதேம்மா. நான் உன்கிட்ட வந்ததே ஏழு வயசுலதானே? சனிக்கிழமை மறுபடியும் அந்தப் பழைய துணிச் சந்தைக்கே போய், இதைவிட அசிங்கமான கறையாப் பார்த்துப் பொறுக்கலாம், வா!"