ஆளுக்குப் பாதி

"ஒரு பிடி யூரியா வீசிப் பாரு தனக்கொடி. மூணே நாள்ல கிளிப்பச்சை கட்டும்!"

"கட்டும், கட்டும். நாலாம் நாள் கருகும். மண்ணுக்கும் வயிறு இருக்குங்க. அதுக்குச் சோறு போடணும், சாராயம் ஊத்தக் கூடாது."

முருகையன் சிரித்தான். பஞ்சாலையில் தறி ஓட்டியவன் அவன். ஆலையை மூடியதும் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, இந்தத் தோட்ட வேலைக்கு வந்தவன். உர டிப்போக்காரர் சொல்வதுதான் அவனுக்கு வேதம். தனக்கொடி தவளக்குப்பத்துக்காரி, வயலில் வளர்ந்தவள். மக்கிய எரு, கடலைப் புண்ணாக்கு, வைத்திக்குப்பத்தில் மீன் கழுவிய தண்ணீர், இவைதான் அவளுடைய உரம். காலையில் வரும்போதே தலையில் கூடையும் இடுப்பில் குடமுமாகத்தான் வருவாள்.

கடற்கரையை ஒட்டிய அந்தப் பெரிய வீட்டின் புல்வெளியில் இருவருக்கும் வேலை. வீட்டுக்கார மதாம் இருப்பது பிரான்ஸில். வருஷத்துக்கு ஒரு முறை, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு விழாவுக்கு மட்டும் புதுச்சேரி வருவார்.

அன்று மேனேஜர் ஜானகிராமன் ஒரு கயிற்றோடு வந்தார். புல்வெளியின் நடுவே இரண்டு முளை அடித்து அதைக் கட்டினார்.

"மதாம் கடுதாசி போட்டிருக்காங்க. தோட்டத்துக்கு இனிமே ஒரே ஆள்தானாம். இந்தப் பக்கம் முருகையன், அந்தப் பக்கம் தனக்கொடி. அடுத்த மாசம் அவங்க வர்ற அன்னைக்கு எந்தப் பாதி பச்சையா இருக்கோ, அவங்களுக்கு வேலை. யூரியாவா, எருவான்னு பாத்துடலாம்."

அவர் போன பிறகு இருவரும் கயிற்றுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். வேலை போனால் அவன் மறுபடியும் வெறுங்கையோடு தெருவில் நிற்க வேண்டும். அவளோ இருமல்காரத் தாயை வைத்துக்கொண்டு நடவுக்கூலிக்கு அலைய வேண்டும். இருவருக்குமே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பால்காரர், காவல்காரர் என்று எல்லோரையும் அண்ணே போட்டுக் கூப்பிடுகிற தனக்கொடி, முருகையனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது ஏன் என்று அவனும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து முருகையன் விடியும் முன்பே வந்துவிடுவான். கடல் எது, வானம் எது, புல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நேரம் அது. முந்தின மாலை விட்ட தண்ணீர் புல்நுனிகளில் அப்படியே நிற்கும். சாயங்காலம் அவன் கிளம்பிய பிறகும் தனக்கொடி இருப்பாள். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவாள். அந்த ஒரு மாதமும் தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாகப் போனது.

"என் பக்கம் மீன் வாடை அடிக்குதே தனக்கொடி?" என்றான் ஒரு நாள்.

"வைத்திக்குப்பத்துக் காத்து. வேற என்ன?" என்றவள், தன் பாதியைப் பார்த்தாள். "என் பக்கம்தான் நுனியெல்லாம் கருகுது."

"உப்புக் காத்து. எல்லாம் கடல் பண்ற வேலை."

மத்தியானம் வாதா மரத்து நிழலில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே அவள் சொன்னாள். "நேத்து ஒரு கனா கண்டேங்க. யாரோ இந்தக் கயித்த அவுத்துட்டாங்க. புல்லு ஒரே பாயா கடலுக்குள்ள போவுது. நாம ரெண்டு பேரும் அதுமேல வெறுங்கால்ல நடக்குறோம்."

"எங்க போனோம்?"

"அதுக்குள்ள கோழி கூவிடுச்சு."

அவனுக்கு அந்தக் கோழியின் மேல் கோபமாக வந்தது.

ஜூலை பதினாலுக்கு முந்தின நாள் மதாம் வந்தார். குடை பிடித்தபடி கயிற்றின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். முருகையனின் பாதி ஜமக்காளம் விரித்த மாதிரி அடர்ந்து கிடந்தது. தனக்கொடியின் பாதியில் திட்டுத் திட்டாகப் பழுப்பு. மதாம் அவன் பக்கம் கையைக் காட்டி, "த்ரே பியன்", ரொம்ப நன்று, என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பாத்தியா, யூரியான்னா யூரியாதான்!" என்று முருகையனின் முதுகில் தட்டினார் ஜானகிராமன். "தனக்கொடி, நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா."

அவள் தலையாட்டினாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஜெயித்தவன்தான் கண் கலங்கி நின்றான். பிறகு ஓடிப் போய் வாசலருகே அவளை மறித்தான்.

"நில்லு தனக்கொடி. உன் பாதியக் கருக்குனது கடல் காத்து இல்ல. நான்தான்."

அவள் நின்றாள்.

"நீ ஜெயிக்கணும்னுதான் செஞ்சேன். தெனம் விடியறதுக்குள்ள வந்து என் யூரியாவ உன் பக்கம் போட்டேன். ஈரப் புல்லுமேல வுழுந்தா சுட்டுடும்னு எனக்குத் தெரியாது. என் பக்கம் ஒரு பிடிகூடப் போடல. அது எப்படி இப்படி வளந்துதுன்னு சத்தியமா புரியல."

தனக்கொடி அவனையே பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிக் கவிழ்த்துத் தட்டினாள். அடியில் ஒட்டியிருந்த எருவும் புண்ணாக்கும் அவன் காலடியில் உதிர்ந்தன.

"தெனம் சாயங்காலம் நீங்க போன பின்னால, இத நான் எந்தப் பக்கம் கொட்டினேன்னு நெனச்சீங்க?"

அவன் குனிந்து ஒரு துளி எருவை எடுத்து முகர்ந்து பார்த்தான். "அப்ப ஜெயிச்சது உன் எருதான்! வா, மேனேஜர்கிட்டச் சொல்லி இந்த வேலைய உனக்கே வாங்கித் தரேன்."

"சும்மா இருங்க. யாருக்குக் குடுத்தா என்ன?" என்று கூடையை அவன் கையில் கொடுத்தாள் தனக்கொடி. "வேலை நம்ம வூட்டுக்குத்தான வருது."