எஞ்சின் அணைத்த இறக்கம்

கொடைக்கானல் மலைச்சாலையில் ஒலியுல்லாவின் டாக்சி எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு இறங்குகிறது. மழையில் பெட்ரோல் லாரி மேலே வரவில்லை. டாங்கியில் இருப்பது ஒரு கொசு குளிக்கக்கூடக் காணாது. இறக்கத்தில் மிச்சம் பிடித்தால்தான் சமவெளியில் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிவரை வண்டி ஓடும். பிரேக் தீய்கிற நாற்றத்தில், சத்தியமாய், காட்டெருமைகள் மூக்கைப் பொத்திக்கொள்கின்றன. பின்சீட்டில், கணவன் பொன்னுவேலின் மடியில் தலைவைத்து, பிரசவ வலியில் வடிவு முனகிக்கொண்டே வருகிறாள். கண்ணாடியெல்லாம் மூடுபனி.

“வெரசா போங்க பாய்!”

“ஏலே, இப்பவே எஞ்சினப் போட்டா பாதி வழியில நின்னுரும். அப்புறம் நீ தோள்ல தூக்கிட்டு ஓடுவியா?”

அடுத்த வளைவில் முனகல் நிற்கிறது. எஞ்சின் ஓசையும் இல்லாத வண்டியில் அந்த அமைதி இருவருக்கும் நன்றாகக் கேட்கிறது. பொன்னுவேல் வடிவின் கன்னத்தைத் தட்டுகிறான். இறக்கம் இன்னும் எவ்வளவோ பாக்கி. ஒலியுல்லா எஞ்சினைப் போடுகிறார்.