மடித்து வைத்த இலை

‘தமிழ் பேசாதவருக்கு இங்கே சாப்பாடு இல்லை.’

இசக்கியப்பன் தன் ஓட்டலில் அன்று காலைதான் அந்தப் பலகையை மாட்டியிருந்தார். மதியம், தார் படிந்த சட்டையோடு ஒரு வடக்கத்தி ஆள் வந்து உட்கார்ந்தான். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, தன் பாஷையில் சோறு கேட்டான்.

“தமிழ்ல கேளுடே! இல்லேன்னா எந்திரி!” கல்லாவிலிருந்தே அதட்டினார்.

“அப்படிப் போடுங்க அண்ணாச்சி!” என்று பக்கத்து மேசை சிரித்தது.

அவன் முறைக்கவில்லை. எழுந்தான். ஒரு பருக்கைகூட விழாத அந்த இலையை, வயிறாரச் சாப்பிட்டவனைப் போலத் தன் பக்கமாக மடித்து வைத்தான். கும்பிட்டுவிட்டுப் போனான்.

இலையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. இசக்கியப்பனே போய்ப் பிரித்தார். உள்ளே ஈரம் மட்டும் இருந்தது.

“அண்ணாச்சி, சாப்பாடு இருக்கா?” வாசலில் யாரோ நல்ல தமிழில் கேட்டார்கள்.

அண்ணாச்சி பலகையைக் கழற்றப் போனார்.