சொந்த ரத்தம்

ஐம்பத்தெட்டு வயதில் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக மரகதவல்லி சொன்ன நாளிலிருந்து மகள் சுடர் அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் தனியாகவே தோல் மருத்துவரிடம் போனாள். அவள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை மருத்துவர் ஊசியில் ஏற்றினார். "உங்க ரத்தத்துல பிரிச்சதுதாம்மா. முகத்துல போட்டா தோல் கொஞ்சம் பொலிவாகும்." மரகதவல்லி கண்களை இறுக மூடிக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "சித்தி இப்பதான் சொன்னாங்க. ஊசின்னாலே மயங்கி விழுற ஆளு, தனியாவா வருவ?" சுடர் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஊசி நெற்றியில் இறங்கியபோது மரகதவல்லி மகளின் விரல்களை நெரித்தாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு சுடர் மெதுவாகக் கேட்டாள். "அவரு முகம் எப்படிம்மா இருக்கும்?"

"பலாப்பழம் மாதிரி."

"அப்போ இந்த ஊசிய அவருக்குல்ல போடணும்!"

மரகதவல்லிக்குச் சிரிப்பு பீறிட்டது. "முகத்த அசைக்காதீங்கம்மா," என்று மருத்துவர் கெஞ்சினார். இருவராலும் நிறுத்த முடியவில்லை. அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.